லாரி டிரைவரும் 1925-ஆம் வருடத்து அகராதியும்

சொந்த லாரி ஓட்டும் டிரைவர் தொழிலாளியா, முதலாளியா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறதல்லவா? அமெரிக்காவில் இதை வைத்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

1980-ல் அங்கே லாரிப் போக்குவரத்து மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். போட்டி கூடியது. டிரைவரைச் சம்பளத்துக்கு வைக்காமல், 'தனி ஒப்பந்தக்காரர்' என்று எழுதி வாங்கும் பழைய வழக்கம் பரவியது. டீசல், டயர் செலவெல்லாம் டிரைவர் தலையில். (சொந்த லாரி என்று பெயர்; பல சமயம் கம்பெனியிடமே குத்தகைக்கு எடுத்ததுதான்!)

நியூ பிரைம் என்ற கம்பெனியின் டிரைவர் ஒருவர், பிடித்தம் போக உரிய கூலி கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் கம்பெனி காட்டியது. ஆனால் 1925-ன் மத்தியஸ்தச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகிறவர்களின் 'வேலை ஒப்பந்தங்களுக்கு' விலக்கு தந்திருந்தது. இவர் வேலையாளே இல்லை, விலக்கு பொருந்தாது என்பது கம்பெனியின் வாதம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நீதிபதி கோர்சச் அந்தக் காலத்து அகராதிகளைப் பார்த்தார். 1925-ல் அந்தச் சொல்லுக்குப் பொதுவாக 'வேலை' என்றுதான் பொருள். சம்பள ஆள், ஒப்பந்தக்காரர் என்ற பேதமில்லை. எனவே விலக்கு இவருக்கும் உண்டு. 2019 ஜனவரியில் 8-0 என்று தீர்ப்பு வந்தது.

அவர் தொழிலாளியா என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. கோர்ட் கதவு திறந்தது, அவ்வளவுதான்.