புரொசெசரை மாற்றினால் பழைய கணினி தேறுமா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கத்து வீடுகளிலும் தட்டச்சு நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினிகளில் பல, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து ரீகண்டிஷனாக இங்கு வந்தவை. டெல் ஒப்டிப்ளெக்ஸ் போன்ற பெட்டிகள். உள்ளே இன்டெல் நான்காம் அல்லது ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5. 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. "ஐ7 போட்டா எல்லாம் சரியாகிடும்" என்று யாராவது சொன்னால், காசைக் கொடுக்க முன்னர் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வின்டோஸ் 11 கதையைப் பார்ப்போம். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் மைக்ரோசொப்டின் பட்டியலில் உள்ளன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம் தலைமுறை மதர்போர்டின் சொக்கட் எல்ஜிஏ 1150. அதில் ஐ3 4130ஐக் கழற்றி ஐ7 4770 போட்டாலும் அதுவும் நான்காம் தலைமுறைதான். பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும். ஆறாம் தலைமுறைக்காரர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறைகளின் சொக்கட் எல்ஜிஏ 1151. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளுக்கும் அதே இலக்கம்தான். சிப் உட்காரும், ஆனால் பழைய போர்ட் அதை ஏற்காது. இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கினால் காசு போய்விடும். பட்டியலில் இல்லாத கணினியிலும் குறுக்கு வழியில் வின்டோஸ் 11 ஏற்றித் தருவார்கள். ஆனால் அதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. வின்டோஸ் 10இலேயே இருப்பவர்களுக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெற வீட்டுப் பாவனையாளருக்கென ஒரு திட்டம் உண்டு.

"வின்டோஸ் கிடக்கட்டும், கணினி ஆமை வேகத்தில் போகிறது, அதுதான் பிரச்சினை" என்பவர்கள் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, வழமையான வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு 20, 30இல் கிடந்தால் புரொசெசர் சும்மாதான் இருக்கிறது; ஹார்ட் டிஸ்கிலிருந்து தரவு வரும்வரை அது காத்திருக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை வாசிக்கும். சாட்டா எஸ்எஸ்டி ஏறத்தாழ 500. சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. மெமரி நிறைந்து நின்றால் 4 ஜிபி ரெம்மை 8 ஆக்குங்கள். நான்காம் தலைமுறைக்கு டிடிஆர்3 என்பதைக் கடையில் சொல்லிக் கேளுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளையின் அசைன்மென்ட், தட்டச்சு, சூம் வகுப்பு, கணக்குப் பதிவு எல்லாவற்றுக்கும் இது போதும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. நமது ஊர்கள் கடற்கரையோடு கிடக்கின்றன. ஈரமும் உப்பும் கலந்த காற்றில் தூசி ஹீட்சிங்கின் இடுக்குகளில் பசை போல ஒட்டிவிடும். புரொசெசர் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். பத்து வருடப் பெட்டியில் தெர்மல் பேஸ்டும் காய்ந்து போயிருக்கும். துப்புரவு செய்து புதுப் பேஸ்ட் பூசியதுமே பழைய வேகம் திரும்பும் கணினிகள் உண்டு. செலவு மிகக் குறைவு என்பதால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அப்படியானால் புரொசெசர் மாற்றுவது எப்போது சரி? ஏஎம்டி ஏஎம்4 போர்ட் வைத்திருப்பவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். 2017இல் வந்த ரைசன் 3 1200 நான்கு கோர் கொண்டது. அது இருக்கும் பி350 போர்ட்கள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்துவிட்டு ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட ரைசன் 5 5600ஐப் போடலாம். முதல் தலைமுறை ரைசன் வின்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. ஒரே மாற்றத்தில் இரண்டு காரியம். உங்கள் போர்டின் பெயரைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடி, ஆதரிக்கும் புரொசெசர் பட்டியலை நீங்களே பாருங்கள். பயோஸ் புதுப்பிப்பை, பழைய சிப் இருக்கும்போதே செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம், ஆகவே யூபிஎஸ் இல்லாமல் தொடவேண்டாம்.

மற்றது கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள். அவர்களிடம் சிபியு உண்மையிலேயே 100இல் நிற்கும். அவர்களுக்கும் பழைய ஐ7ஐ நான் சிபாரிசு செய்யமாட்டேன். 2013இல் வந்த ஐ7 4770க்கும் 2022இல் வந்த ஐ3 12100க்கும் நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் வேகத்தில் பின்னது வெகு தூரம் முன்னே. பழையதற்கு ஐ7 என்ற பெயருக்காகவும் விலை கொடுக்கிறோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதமளவில் 360 வரை போனது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். புதுப் போர்ட், ரெம், புரொசெசர் மூன்றையும் ஒன்றாக வாங்குவது பலருக்கு எட்டாது என்பது உண்மை. அப்படியென்றால் இப்போது எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள். பிறகு புதுப் போர்ட் வாங்கும்போது அதையே கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். டிடிஆர்3 ரெம்மும் பழைய புரொசெசரும் அப்படி உதவாது.

பாவித்த புரொசெசர் வாங்குவதில் பெரிய பயம் வேண்டியதில்லை, அது இலேசில் பழுதாகாத பொருள். பாவித்த போர்ட்தான் ஆபத்து. இந்த இன்டெல் வகைகளில் ஊசிகள் போர்டில் இருக்கும், ஏஎம்4இல் சிப்பின் அடியில் இருக்கும். கடையை விட்டு இறங்க முன்னர் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வளைவோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று பாருங்கள்.