பாலாற்றங்கரையில் வேதியியல்: பேராசிரியர்களும் தோல் ஷாப்புகளும்

தோல் தொழிலின் வரலாற்றைப் பேசும்போது வணிகர் வருகிறார், தொழிலாளர் வருகிறார், பாலாறு வருகிறது. வேதியியல் பேராசிரியர் அநேகமாக வருவதில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்த வட்டாரத்தில் நூறாண்டுகளாக நடந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அடிப்படையில் வேதியியல் மாற்றங்கள் என்பதை நினைத்தால் இது பெரிய விடுபடல்தான். பேராசிரியரைத் தொழிலோடு இணைத்த பாதை சென்னையில் போடப்பட்டது. வேலூர் லாங் பஜாரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஊரிசு கல்லூரியும், ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளும் அந்தப் பாதைக்கு வெளியே நின்றன என்பதே என் வாதம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீண்ட அந்த இடைவெளியால் தோலின் தரம் கெடவில்லை. தண்ணீரைக் கவனிக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். குரோமிய உப்பைக் கொண்டு அதை ஓரிரு நாளில் முடிக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் முயன்று காட்டியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். அவரும் ஒரு கல்லூரிப் பேராசிரியர்தான். சென்னைப் பொறியியல் கல்லூரியில் கற்பித்தவர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அரசுச் செலவில் அவர் நடத்திய சோதனைகளைத் தனியார் முதலாளிகள் எதிர்த்தார்கள். அரசே தொழில் நடத்தக் கூடாது என்று 1910-ல் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மார்லி லண்டனிலிருந்து ஆணையிட்டதும் அம்முயற்சி கைவிடப்பட்டது. பேராசிரியர் பட்டறைக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இது முதல் பாடம். அதன்பின் கல்வி தனி நிறுவனங்களுக்குள் போயிற்று. 1915-ல் சென்னையில் தோல் தொழில் பள்ளி வந்தது. 1944-ல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் பல்கலைக்கழகத் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1948 ஏப்ரலில் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. கல்லூரியும் நிலையமும் அடுத்தடுத்து அமைந்ததால் ஒரே ஆசிரியர் காலையில் பாடம் நடத்தி மாலையில் ஆய்வுக்கூடத்தில் தோலைத் தொட முடிந்தது.

இந்த அண்மையின் பலன் சிறியதல்ல. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலின் அடிப்படைப் புரதமான கொலாஜனுக்கு மூவிழைச் சுருள் வடிவத்தை முன்மொழிந்தபோது, அதற்கான மாதிரிகள் பக்கத்திலிருந்த தோல் நிலையத்திலிருந்தே கிடைத்தன. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில்முறை வேதியியல் படித்து, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற எலவர்த்தி நாயுடம்மா 1958-ல் நிலையத்தின் இயக்குநரானார். பின்னாளில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். என் வாதத்துக்கு இன்னும் பொருத்தமானவர் மு. சாந்தப்பா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பிய வேதியியல் பேராசிரியர். பலபடிச் சேர்மங்களில் செய்த பணிக்காக 1967-ல் பட்நாகர் விருது பெற்றவர். உலோக அயனிகளைக் கொண்டு பலபடியாக்கலைத் தொடங்கிவைப்பது அவருடைய ஆய்வுத் துறை; கொலாஜன்மேல் பலபடிகளை ஒட்டவைக்கும் தோல் நிலைய ஆய்வுகளுக்கு அதே வேதியியல்தான் அடிப்படை. 1970களில் அவர் நிலையத்தின் இயக்குநராகி, 1981 முதல் 1984 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். வகுப்பறை, ஆய்வுக்கூடம், தொழில், நிர்வாகம் ஆகிய நான்கையும் ஒரே ஆள் தொட முடிந்த வாழ்க்கை அது. வேலூரில் ஒரு வேதியியல் ஆசிரியருக்கு அப்படியொரு வாய்ப்பு இருந்ததா?

வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஊரிசு 1898-ல் கல்லூரியானது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-லும், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-லும் வந்தன. பின்னைய மூன்றுக்கும் தோல் வணிகத்தின் செல்வம் கைகொடுத்தது. அதைத் தயங்காமல் பாராட்ட வேண்டும், ஏனென்றால் தோலில் வந்த பணம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பியது. ஆனால் 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமையும்வரை இவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட கல்லூரிகள். பாடத்திட்டம் அங்கே தீர்மானமாகும், வினாத்தாள் அங்கிருந்து வரும். பேராசிரியரின் நாள் பாடம் முடிப்பதிலும் செய்முறைத் தேர்வுக்கு மாணவரைத் தயாரிப்பதிலும் போய்விடும். அந்தச் செய்முறையில் குரோமியம் இல்லாமலில்லை. உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியம் குளோரைடோடு அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் மூன்றாம் தொகுதியில் பச்சையாக வீழ்படிவு வரும். அது குரோமியம் என்று பட்டப்படிப்பு மாணவர் எழுதுவார். அதே தனிமம் சில கிலோமீட்டர் தள்ளி, தோல் ஷாப்பில் பதனிடும் டிரம்மிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. வழக்கமான குரோம் முறையில் மூன்றில் இரண்டு பங்கு குரோமியந்தான் தோலில் ஏறும், மீதி கழிவுநீரோடு போகும் என்பது தொழில் அறிந்த கணக்கு.

1970களில் பதனிடப்படாத, அரைகுறையாகப் பதனிட்ட தோல்களின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அன்னியச் செலாவணி பெருகியது. அதோடு ரசாயனமும் கழிவும் பெருகின. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. அதில் எடுத்துக்காட்டப்படும் சான்றுகளைக் கவனிக்க வேண்டும். தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் தந்தது. கழிவுநீர் பற்றிய ஆய்வு நாகபுரியின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்துடையது. மண்ணியலாரும் வெளியூர்ப் பொறியாளரும் பேசினார்கள். அதே ஆண்டில் தோல் நிலையத்தின் இயக்குநரான டி. ராமசாமி, குரோமிய வேதியியலில் லீட்ஸில் முனைவர் பட்டம் பெற்றவர், நீதிமன்ற ஆணையால் மூடப்பட்ட ஆலைகள் மீண்டெழத் தூய்மையான முறைகளைக் கொண்டுபோனார். அறிவு மறுபடியும் சென்னையிலிருந்தே புறப்பட்டது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, கல்லூரிகள் நீரை அளப்பதால் ஆறு சுத்தமாகாது. சுத்திகரிப்புச் செலவும் சட்ட அமலாக்கமும்தான் பிரச்சினை என்பது. பாதி உண்மை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது வேதியியல் வகுப்பால் அல்ல, நீதிமன்றத்தால். ஆனால் கிணற்று நீரின் உப்பும் குரோமியமும் பத்தாண்டு, இருபதாண்டு என்று ஒரே கையில் பதிவாகியிருந்தால், விவசாயி ஈடு கேட்கும்போது மாசு எப்போது தொடங்கியது என்று வாதாட வேண்டியிருந்திருக்காது. இரண்டாவது கூற்று இன்னும் கடுமையானது: தோல் செல்வத்தில் நடக்கும் கல்லூரி தோலைப் பற்றி எப்படிப் பேசும்? இதை நான் ஏற்கவில்லை. மிஷன் கல்லூரியான ஊரிசுக்கும், அரசுக் கல்லூரியான வேலூர் முத்துரங்கத்துக்கும் அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் முதன்மைச் சான்று அங்கிருந்தும் வரவில்லை. தடையாக இருந்தது நிர்வாகத்தின் மனம் அல்ல, இணைப்புக் கல்லூரி என்ற அமைப்பு. வேலூரிலேயே பிறந்த மால்கம் ஆதிசேசையா சென்னைத் துணைவேந்தராக இருந்து வாதாடிய தன்னாட்சித் திட்டம் 1978-ல் சில கல்லூரிகளுக்குக் கிடைத்தபோதும் பெரும்பாலான கல்லூரிகள் பழைய பாடத்திட்டத்திலேயே தொடர்ந்தன.

பிற்காலத்தில் பாலாற்று நீரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய ஆசிரியர்கள் உண்டு. அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தனி ஆய்வு ஒரு பட்டத்தோடு முடிந்துவிடும். துறையின் பதிவேடு ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் தொடரும் என்பதே வேறுபாடு. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூருக்கு அருகே சேர்க்காட்டில் அமைந்தபின் பாடத்திட்டம் இந்த மண்ணுக்குள்ளேயே எழுதப்படுகிறது. மூன்றாம் தொகுதிக்கான உப்பை மருந்துப் புட்டியிலிருந்து எடுக்கும் மாணவர், ஊர்க் கிணற்றிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து வந்து தரம்பார்த்துப் பதிவேட்டில் எழுத இப்போது பல்கலைக்கழக விதி தடையாக இல்லை.