ஜார்ஜ் குரோட்

ஜார்ஜ் குரோட் (1794–1871) பண்டைய கிரேக்கத்தின் வரலாற்றை 12 தொகுதிகளாக எழுதிய ஆங்கிலேயர். தொழிலால் வங்கியாளர். 1832 முதல் 1841 வரை லண்டன் மாநகரின் நாடாளுமன்ற உறுப்பினர். ஏதென்ஸின் மக்களாட்சியை நிலையற்ற கும்பலின் ஆட்சி என்றே ஐரோப்பியப் படிப்பாளிகள் நெடுங்காலம் கருதிவந்தனர். அந்த எண்ணத்தை அசைத்ததில் இவருடைய நூலுக்கே பெரும்பங்கு. அரசியல்வாதி குரோட் வேறு, வரலாற்றாசிரியர் குரோட் வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. சாதாரணக் குடிமக்களை நம்பி ஆட்சியை ஒப்படைக்கலாமா என்ற ஒரே கேள்விதான் அவரை அவையிலும் நூலகத்திலும் இயக்கியது.

இளமையும் வங்கியும்

1794 நவம்பர் 17 அன்று கென்ட் பகுதியில் பெக்கன்ஹாமை அடுத்த கிளே ஹில்லில் பிறந்தார். பாட்டனார் ஆண்ட்ரியாஸ் குரோட் ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து லண்டனில் குடியேறிய வணிகர். ஜார்ஜ் பிரெஸ்காட்டுடன் கூட்டுச்சேர்ந்து 1766இல் ஒரு வங்கியைத் தொடங்கியவர். தாய் செலினா கடுமையான சமயப் பற்றுடையவர். மகன் சமயத்தை முற்றாக விட்டு விலகியதற்கு அந்த வீட்டின் இறுக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் படித்தார். பின்னாளில் தாமும் ஒரு கிரேக்க வரலாறு எழுதிய கானப் தர்ல்வால் அங்கே இவருடைய பள்ளித் தோழர். தந்தையோ பல்கலைக்கழகப் படிப்பு வீண் என்று நினைத்தவர். அதனால் 1810இல் மகன் வங்கி வேலைக்குச் சென்றார். பொருளியல், தத்துவம், ஜெர்மன் மொழி எல்லாம் வேலை நேரம் போக எஞ்சிய காலையிலும் இரவிலும் தாமே கற்றவை.

பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ வழியாக ஜேம்ஸ் மில்லின் பழக்கம் கிடைத்தது. 'பிரிட்டிஷ் இந்திய வரலாறு' எழுதிய அதே மில்தான். அவர் வழியாகத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் வட்டத்துக்குள் வந்தார். பெந்தமின் கையெழுத்துக் குறிப்புகளைத் தொகுத்து, இயற்கைச் சமயத்தால் மனிதருக்கு நன்மையா தீமையா என்று ஆராயும் நூலொன்றை 1822இல் புனைபெயரில் வெளியிட்டார். ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தராத காலம் அது. சமயச் சோதனை எதுவுமின்றி 1828இல் திறக்கப்பட்ட லண்டன் பல்கலைக்கழகத்தை (இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரி) நிறுவியவர்களில் குரோட்டும் ஒருவர்.

1820இல் ஹாரியட் லூயினை மணந்தார். ஹாரியட்டின் தந்தை தாமஸ் லூயின் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராக இருந்து பொருள் சேர்த்துத் திரும்பியவர். ஹாரியட் கூர்மதி படைத்தவர், அரசியல் பேச்சில் கணவரைவிடத் துணிச்சலானவர். கிரேக்க வரலாற்றை நீங்களே எழுதக்கூடாதா என்று முதலில் தூண்டியவர் தாமே என்று பின்னாளில் எழுதினார்.

இரகசிய வாக்குக்கான போராட்டம்

1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையை ஓரளவு விரிவாக்கியது. வாக்களிக்கும் முறை மட்டும் மாறவில்லை. வாக்காளர் மேடையருகே வந்து, தம் வேட்பாளரின் பெயரைப் பலர் காதுபட உரக்கச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரின் ஆட்கள் எதிரே நின்று குறித்துக்கொள்வார்கள். மாற்றி வாக்களித்த குத்தகைதாரர் நிலத்தை இழப்பார், கடைக்காரர் பெரிய வாடிக்கையை இழப்பார். இப்படிப் பெற்ற வாக்கு வாக்காளருடையதே அல்ல என்பது குரோட்டின் வாதம்.

அந்த ஆண்டுத் தேர்தலில் லண்டன் மாநகரில் முதலிடம் பெற்று அவைக்குச் சென்ற அவர், 1833 ஏப்ரலில் இரகசிய வாக்கெடுப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 106, எதிர்ப்பு 211. பிறகும் 1839 வரை திரும்பத் திரும்ப அதையே எழுப்பினார். வேட்பாளர் பெயருக்கு நேரே அட்டையில் ஊசியால் துளையிடும் ஒரு வாக்குப்பெட்டியையும் மாதிரிக்காகச் செய்வித்தார். நகைச்சுவைக்குப் பேர்போன பாதிரியார் சிட்னி ஸ்மித் 1839இல் ஒரு சிறுநூல் எழுதி அந்தப் பெட்டியைக் கேலி செய்தார். 1837 தேர்தலில் குரோட் சொற்ப வாக்குகளில்தான் தப்பினார். தீவிரச் சீர்திருத்தவாதிகளின் குழு கரைந்துபோக, 1841இல் அவையை விட்டு விலகினார். 1843இல் வங்கியையும் விட்டார்.

கிரேக்க வரலாறு

அன்று ஆங்கிலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது வில்லியம் மிட்ஃபோர்டின் கிரேக்க வரலாறு. மிட்ஃபோர்டும் நாடாளுமன்ற உறுப்பினர்தான், ஆனால் பழமைவாத டோரி கட்சிக்காரர். பிரெஞ்சுப் புரட்சி மூட்டிய அச்சம் அவருடைய பக்கங்களில் ஏதென்ஸின்மீது கொட்டிக் கிடந்தது. 1826இல் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' இதழில் குரோட் அதைச் சான்றுகளோடு தகர்த்தார். அவருடைய சொந்த நூலின் முதல் இரு தொகுதிகள் 1846இலும் கடைசித் தொகுதி 1856இலும் வெளிவந்தன.

புராணத்தையும் வரலாற்றையும் கறாராகப் பிரித்தது அதன் முதல் புதுமை. டிராய்ப் போரிலிருந்து உண்மைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்க அவர் முயலவில்லை. கதைகளைக் கிரேக்கர் நம்பியவாறே சொன்னார். வரலாற்றை முதல் ஒலிம்பிக் விழா நடந்ததாகக் கொள்ளப்படும் கி.மு. 776இலிருந்து தொடங்கினார். ஏதென்ஸின் சட்டமியற்றுநர் சோலோன் கடன் சுமையை நீக்கிய பகுதி தனியாகக் கவனிக்கத்தக்கது. உடலையே பிணையாக வைக்கும் கடனும் தொழில் முதலுக்கு வாங்கும் கடனும் ஒன்றல்ல என்று விளக்கி, ஏழைக் கடனாளிகளின் பக்கம் நின்று எழுதியவர் ஒரு வங்கி முதலாளி!

ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோனை வெறும் வாய்ச்சவடால்காரனாகவே அக்கால வரலாற்றாசிரியர் தூசிடிடிஸும் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸும் தீட்டியிருந்தனர். குரோட் அவரை அதிகாரத்திலிருப்போரைக் கேள்வி கேட்கும் எதிர்க்கட்சிப் பேச்சாளராகக் கண்டார். தூசிடிடிஸ் தளபதியாக இருந்தபோது ஆம்ஃபிபொலிஸ் நகரைக் கோட்டைவிட்டு நாடுகடத்தப்பட்டவர். அவருடைய கசப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிச்சர்ட் ஷில்லெட்டோ இதற்குக் கொதித்து 1851இல் மறுப்பு வெளியிட்டார். சோஃபிஸ்டுகள் இளைஞரைக் கெடுத்த கூட்டம் என்ற பழியையும் குரோட் ஏற்கவில்லை. கட்டணம் வாங்கிக் கற்பித்த ஆசிரியர்கள், அவ்வளவே என்றார்.

நூலின் உயிர், ஏதென்ஸ் மக்களாட்சிக்கு அடித்தளமிட்ட கிளைஸ்தனிஸின் சீர்திருத்தங்களைப் பேசும் அதிகாரத்தில் இருக்கிறது. மண்பாண்ட ஓட்டில் ஒருவர் பெயரை எழுதி, போதிய வாக்கு சேர்ந்தால் அவரைப் பத்தாண்டு நாட்டைவிட்டு அனுப்பும் வழக்கம் ஏதென்ஸில் இருந்தது. நன்றிகெட்ட மக்களின் பொறாமை என்று பிறர் பழித்த இவ்வழக்கம், புதிதாக முளைத்த ஆட்சியைத் தனிமனித ஆசைகள் கவிழ்த்துவிடாமல் காத்தது என்று குரோட் வாதிட்டார். அங்கேதான் அரசமைப்பு அறம் என்ற கருத்தை விரித்துரைத்தார். அரசமைப்பின் நடைமுறைகளை எல்லோரும் மதிக்க வேண்டும். அதே வேளையில் ஆள்வோரைத் தடையின்றிக் கண்டிக்கும் உரிமையும் இருக்க வேண்டும். எவ்வளவு கடும் பகையிலும் எதிரணியும் இந்த நடைமுறைகளை மீறாது என்ற நம்பிக்கை இரு பக்கமும் நிலவ வேண்டும். பெரும்பான்மையிடம் மட்டும் இந்த மனப்பாங்கு இருந்தால் போதாது, சமூகம் முழுவதிலும் பரவியிருக்க வேண்டும் என்றார்.

குறைகளும் உண்டு. ஏதென்ஸின் சுதந்திரத்தைத் தாங்கி நின்ற அடிமைகளுக்கும், அவையில் இடமே இல்லாத பெண்களுக்கும் உரிய கனத்தை அவர் தரவில்லை. நேச நாடுகள்மீது ஏதென்ஸ் செலுத்திய ஆதிக்கத்தையும் மென்மையாகவே நோக்கினார். கிரேக்க மண்ணை அவர் ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. 1847இல் உள்நாட்டுப் பூசலில் சிக்கிய சுவிட்சர்லாந்துக்குச் சென்று, அதன் சிறு குடியரசுகளில் கிரேக்க நகர அரசுகளின் சாயலைக் கண்டு எழுதினார்.

பிற்காலமும் பின்னும்

பிளேட்டோவைப் பற்றிய மூன்று தொகுதிகள் 1865இல் வந்தன. அரிஸ்டாட்டில் பற்றிய நூல் முற்றுப்பெறவில்லை. தேர்வு நடத்தும் தனி அமைப்பாகப் பின்னர் உருவான லண்டன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது பெண்களுக்குத் தேர்வுகளைத் திறந்துவிட வேண்டும் என்று நின்றார். பிரதமர் கிளாட்ஸ்டன் 1869இல் தர முன்வந்த பிரபுப் பட்டத்தை மறுத்தார். 1871 ஜூன் 18 அன்று லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே இரகசிய வாக்கெடுப்பு சட்டமானது. அதற்கு முன்பே அவருக்கு அதில் பழைய வேகம் குறைந்திருந்தது.

1948 நவம்பர் 4 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசமைப்பை முன்வைத்த அம்பேத்கர், குரோட்டை மேற்கோள் காட்டினார். அரசமைப்பு அறம் இயல்பாக வருவதல்ல, பயின்று வளர்க்க வேண்டியது, நம் மக்கள் அதை இனிமேல்தான் கற்க வேண்டும் என்றார். நிர்வாக விவரங்களைக்கூட அரசமைப்பிலேயே எழுதிவைக்க வேண்டியிருப்பதற்கு இதையே காரணமாகக் காட்டினார். 2018இல் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய வழக்கிலும் பெண்களின் கோயில் நுழைவு பற்றிய சபரிமலை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இக்கருத்தைச் சட்டத்தையும் வழக்கத்தையும் எடைபோடும் அளவுகோலாகக் கொண்டது. குரோட் அதை நீதிபதிகளின் கருவியாக எண்ணவில்லை. குடிமக்களிடமும் தலைவர்களிடமும் ஊற வேண்டிய பழக்கமாகவே எண்ணினார்.