மயக்குக்காரி பிறந்த கதை

1931-ல் ‘காளிதாஸ்’ படப்பெட்டி சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. அதை கினிமா சென்ட்ரல் கொட்டகைக்கு வால்டாக்ஸ் சாலை வழியே, ரோஜா இதழ் தூவி, தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டி அழைத்துப் போனார்கள். யானைக்கவுனியை ஒட்டிய அந்தச் சாலையில்தான் தமிழ் பேசும் படம் சென்னைக்குள் நடந்து வந்தது. ஆணை மயக்கிக் குடியைக் கெடுப்பவள் என்ற பாத்திரமும் பின்னாலேயே வந்துவிட்டது.

1937-ல் ‘சிந்தாமணி’. தாசி சிந்தாமணியாக அஸ்வத்தம்மா, அவள்மேல் பித்தான பில்வமங்களனாகத் தியாகராஜ பாகவதர். கதைப்படி வெள்ளத்தில் பிணத்தைப் பற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். பாம்பைக் கயிறென்று பிடித்து மாடி ஏறுகிறான். அவள் கூப்பிடவில்லை. வந்து நிற்பவனைக் கடிந்து, இந்த ஆசையைக் கடவுள்மேல் வைக்கக் கூடாதா என்று கேட்பவளே அவள்தான். கெடுத்தவள் என்று நாம் பெயர் வைத்தவள், திருத்தியவளாகத்தான் பிறந்தாள்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’. பிராட்வே கொட்டகையில் அடுத்தடுத்து மூன்று தீபாவளிகளைப் பார்த்தது அந்தப் படம். டி.ஆர். ராஜகுமாரியின் ரம்பாவுக்கு ஊரே கிறங்கியது. இவள் சிந்தாமணி அல்ல, சொத்தைப் பறிப்பவள்தான். ஆனால் பெற்றோரை வீட்டைவிட்டு விரட்டியவன் ஹரிதாஸ். கால்களை இழப்பவனும் அவனே. ‘அவ மயக்கிட்டா’ என்று திண்ணையில் ஆண்கள் சொல்லிக்கொண்ட சமாதானத்தைப் படம் ஏற்கவில்லை. நாம்தான் ரம்பாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

குற்றத்தை ஆணின்மேலேயே வைத்துக் காட்டுவதில் சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவடிகளை மிஞ்ச ஆளில்லை. மாதவியின் கடிதத்தைப் படித்த கோவலன், தவறு அவளுடையதல்ல, தன்னுடையதே என்று தெளிகிறான். அந்த இடத்தை மறந்துவிட்டு, இன்றும் மாதவியைப் பழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

1954-ல் ‘ரத்தக்கண்ணீர்’. எம்.என். ராஜம் நடித்த காந்தாவைத் திட்டாத தாய்மார் குறைவு. அவளிடம் மயங்கிய நாயகனுக்கு வரும் தொழுநோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டியது அந்தக் கதையின் பெரும் பிழை. அது கிருமியால் வரும் நோய், மருந்தால் தீரும். ஆனால் முடிவில் எம்.ஆர். ராதாவின் மோகனசுந்தரம் கேட்பதை இன்னொரு முறை கேளுங்கள். ஊர் பார்க்கச் சிலை வைக்கச் சொல்கிறான். காந்தாவுக்கு அல்ல, அழுகிப்போன தன் உருவத்துக்கு.