கார்ல்ஸ்ரூஹேயில் கைமாறிய சிறு நூல்

1861இல் வெளிவந்த கெக்குலேயின் கரிம வேதியியல் பாடநூலில், அசிட்டிக் அமிலம் என்ற ஒரே பொருளுக்கு 19 வாய்பாடுகள் அச்சாகியுள்ளன. அன்றைய குழப்பத்துக்கு அந்தப் பக்கமே சான்று. ஆக்சிஜனின் அணு எடை 8 என்பது ஒரு தரப்பு. 16 என்பது மறு தரப்பு. கார்பனுக்கும் அப்படியே 6, 12 என்று இரண்டு எண்கள். ஆய்விதழ்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கட்டுரையைப் படிப்பவர், எழுதியவர் எந்த எடையை மனத்தில் வைத்து எழுதினார் என்பதை முதலில் துப்பறிய வேண்டியிருந்தது.

இதைத் தீர்க்கவே கெக்குலே, வூர்ட்ஸ், வெல்ட்ஸீன் ஆகிய மூவரும் ஐரோப்பிய வேதியியலாரைக் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு அழைத்தார்கள். 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை, பாதன் நாட்டுச் சட்டமன்ற அரங்கில் 120 பேருக்கு மேல் கூடினார்கள். வேதியியலின் முதல் பன்னாட்டு மாநாடு அது. அணு வேறு, மூலக்கூறு வேறு என்ற அளவில் இசைவு பிறந்தது, எடைகளில் பிறக்கவில்லை. அறிவியல் கேள்வியை வாக்கெடுப்பால் முடிக்கலாகாது என்ற கருத்தே அங்கு மேலோங்கியது. அது சரியான கருத்து என்றே நினைக்கிறேன். வூர்ட்ஸ் தொகுத்த நடவடிக்கைக் குறிப்போ 1929இல்தான், கெக்குலேயின் வாழ்க்கை வரலாற்றுக்குப் பின்னிணைப்பாக அச்சேறியது.

கடைசி நாளில் ஜெனோவாவிலிருந்து வந்திருந்த கன்னிசாரோ பேசினார். அவர் சொன்னதன் அடிப்படை புதிதல்ல. ஒரே வெப்ப, அழுத்த நிலையில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ 1811இலேயே எழுதிவிட்டார். ஹைட்ரஜன் மூலக்கூற்றில் இரண்டு அணுக்கள் இருந்தாக வேண்டும் என்பது அதன் விளைவு. ஆனால் ஒரே மின்தன்மையுள்ள அணுக்கள் ஒன்றோடொன்று சேரமாட்டா என்று வேதியியலார் பெர்சீலியஸ் கருதினார். அவர் சொல்லுக்கு அன்று மறுசொல் அரிது. அவகாட்ரோ 1856இல் காலமானார். அரை நூற்றாண்டாக அச்சிலேயே இருந்த ஒரு செய்தி, அது தேவைப்பட்டவர்களைப் போய்ச் சேரவில்லை.

கன்னிசாரோ அதைத் தம் வகுப்பறையில் மாணவர்களுக்குப் படிப்படியாகச் சொல்லித் தந்தார். அந்தப் பாட முறையை 1858இல் நண்பர் தெ லூக்காவுக்குக் கடிதமாக எழுத, அது ஓர் இத்தாலிய இதழில் வெளிவந்தது. ஹைட்ரஜன் மூலக்கூற்றின் எடையை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பருமனுள்ள வேறு வாயுவோ ஆவியோ அதைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்று பார்த்து, அந்த மடங்கை 2ஆல் பெருக்கினால், அதன் மூலக்கூறு எடை வந்துவிடும். மீத்தேன் 16, அதில் கார்பன் 12. கார்பன் டை ஆக்சைடு 44. அதிலும் கார்பன் 12. எத்திலீன் 28, அதில் 24. புரொப்பிலீன் 42, அதில் 36. எல்லாம் 12இன் மடங்குகள். 6ஓ 18ஓ எங்குமே தலைகாட்டவில்லை. அப்படியானால் கார்பன் அணுவின் எடை 12 என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? யாரையும் நம்பச் சொல்லாமல், படிப்பவரையே கணக்குப் போட வைக்கிறார். வேதியியல் எழுத்தில் இதற்கு நிகரான நேர்மையும் தெளிவும் கொண்டவை சிலவே.

மாநாடு கலையும் வேளையில், கன்னிசாரோவின் நண்பர் பவேசி இக்கட்டுரையைச் சிறு நூலாக எல்லாருக்கும் வழங்கினார். மாநாட்டுக்கு வந்திருந்த வேதியியலார் லோதர் மேயர் ஒரு படியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதைப் படித்ததும் கண்ணை மறைத்திருந்த திரை விலகி ஐயங்கள் அகன்றன என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். இன்றைய கருத்தரங்குகளில் முடிவுகளை மட்டும் விரைந்து திரையில் காட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுகிறோம். கேட்டவர் தாமே சரிபார்க்க அவர் கையில் ஒன்றும் இருப்பதில்லை. மேயருக்கோ அந்தச் சிறு நூல் இருந்தது. 1864இல் அவர் எழுதிய நூலில் தனிமங்களைப் புதிய எடைகளின்படி வரிசைப்படுத்தினார்.

அதே அரங்கில் 26 வயது மெண்டலீவும் இருந்தார். ஹைடல்பெர்க்கில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், மாநாட்டில் நடந்ததைத் தம் ஆசிரியர் வஸ்கிரசென்ஸ்கிக்குக் கடிதமாக எழுதினார். அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நாளிதழ் ஒன்றில் வெளியானது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, அந்த எடைகளைக் கொண்டே தனிம வரிசை அட்டவணையை அமைத்தார். யுரேனியத்துக்கு அதுவரை வழங்கிவந்த 120 என்ற எடையை 240 என்று இரட்டிப்பாக்கும் துணிவை அவருக்குத் தந்தது அந்த வரிசைதான்.