கணினி முழுவதையும் 'டோர்' வழியா அனுப்பினா, நம்மை யாருக்கும் தெரியாதா?

'டோர்' உலாவியைத் திறந்து ஓர் இணையத்தளத்தைப் பார்க்கிறீர்கள். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. ஆனால் அதே நேரத்தில் உங்கள் கணினியில் வேறு என்னவெல்லாம் ஓடுகிறது? பாட்டுச் செயலி, விளையாட்டு, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள்... இவை எல்லாம் வழக்கமான பாதையில், உங்கள் உண்மையான ஐபி முகவரியோடுதான் வெளியே போகின்றன.

"அப்போ எல்லாத்தையும் டோர் வழியாவே அனுப்பிட்டா என்ன?"

அனுப்பலாம். ஆனால் அதில் சில சிக்கல்கள் உள்ளன.

டோர் எப்படி வேலை செய்கிறது?

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான யோசனை இது. உங்கள் தகவலை வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக மறையாக்கம் செய்து, தொண்டூழியர்கள் நடத்தும் மூன்று கணினிகள் வழியாக அனுப்புகிறது. முதல் கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது.

முழுக் கணினியையும் எப்படித் திருப்புவது?

ஒவ்வொரு செயலியின் அமைப்பையும் தனித்தனியாக மாற்றுவது ஒரு வழி. நம்பி இறங்காதீர்கள். சில செயலிகள் தகவலை டோர் வழியாக அனுப்பினாலும், "இந்தத் தளத்தின் முகவரி என்ன?" என்ற கேள்வியை மட்டும் வெளியே, உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டுவிடும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, விலாசத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் உரக்கக் கேட்பதைப் போல! இதைத்தான் 'டிஎன்எஸ் கசிவு' என்கிறார்கள்.

இன்னொரு வழி, கணினியின் தீச்சுவரில் விதி எழுதி, வெளியே போகும் எல்லாவற்றையும் டோர் பக்கம் திருப்புவது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: டோர் 'டிசிபி' வகை இணைப்புகளை மட்டுமே சுமக்கும். காணொளி அழைப்பும் பல இணைய விளையாட்டுகளும் பயன்படுத்தும் 'யுடிபி' அதில் போகாது. அதை முழுக்கத் தடுக்க வேண்டும். தடுக்க மறந்தால், அந்த ஓட்டை வழியாக உங்கள் முகவரி வெளியே வந்துவிடும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால், ஏற்கெனவே தயாராக இருப்பதை எடுத்துக்கொள்வதே நல்லது. 2009இல் வந்த 'டெயில்ஸ்' யுஎஸ்பி விரலியிலிருந்து இயங்கும் தனி இயங்குதளம். டோர் வழியாகப் போகாத இணைப்பைத் தடுத்துவிடும். அணைத்தால், நீங்களாகச் சேமிக்கச் சொல்லாத எதுவும் மிஞ்சாது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை வெளியிட்ட செய்தியாளர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 'வோனிக்ஸ்' இரண்டு மெய்நிகர் கணினிகளாக வேலை செய்யும்: ஒன்றில் டோர் மட்டும், மற்றதில் உங்கள் வேலை. வேலை நடக்கும் கணினிக்கு உங்கள் உண்மையான ஐபி முகவரியே தெரியாது. தெரியாததை அது எப்படி உளறும்?

அப்போ அன்றாடக் கணினியையே மாத்திடலாமே?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். உங்கள் பெயரில் இருக்கும் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் டோர் வழியாகப் போனாலும் அவை நீங்கள்தான். பல வங்கித் தளங்கள் டோரிலிருந்து வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்கும். சில நேரம் கணக்கே முடங்கலாம். வேகமும் குறையும்.

டோர் பாதையை மறைக்கும், உங்கள் செயலி என்ன பேசுகிறது என்பதை அல்ல. 'பிட்டோரண்ட்' வழியாகக் கோப்பு இறக்கியவர்களைப் பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டுவாக்கில் அப்படித்தான் அடையாளம் கண்டார்கள். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்தச் செயலியே தன் ஐபி முகவரியைத் தகவலுக்குள் எழுதி அனுப்பியது!

கடைசிக் கணினியை யார் நடத்துகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அப்படிச் சில கணினிகளை நடத்தி, தூதரகங்கள் உட்பட சுமார் 100 மின்னஞ்சல் கணக்குகளின் மறைச்சொற்களைப் பிடித்துக் காட்டினார். அவை மறையாக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. இன்று பெரும்பாலான தளங்களில் பூட்டுச் சின்னம் இருக்கிறது. ஆனால் உங்கள் கணினியில் இருக்கும் ஒவ்வொரு பழைய செயலிக்கும் அது இருக்கிறதா?

நான் டோர் பயன்படுத்துறது யாருக்காவது தெரியுமா?

தெரியும். உங்கள் இணையச் சேவை நிறுவனம் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது, ஆனால் டோர் இணைப்பு என்று பார்க்க முடியும். 2013 டிசம்பரில் தேர்வைத் தவிர்க்க ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர், டோர்தான் பயன்படுத்தினார். அந்த நேரத்தில் வளாகத்தின் கம்பியில்லா இணையத்திலிருந்து டோருக்குப் போனது யார் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். விசாரணையில் அவர் ஒப்புக்கொண்டார்.

முயன்று பார்க்க நினைத்தால், டோர் அமைப்பின் சோதனைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இணைப்பு சரியா என்று சொல்லும். ஆனால் அது சோதிப்பது அந்தப் பக்கத்தைத் திறந்த உலாவியை மட்டும்தான். மற்ற செயலிகள் எந்த வழியாகப் போகின்றன என்பதை அது சொல்லாது.