புயல் கூண்டு பிறந்த கதை

ஐப்பசி பாதி போய்விட்டால் பேராவூரணி டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "நாகையில மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சாமே!" சொல்கிறவர் நாகப்பட்டினம் துறைமுகத்துக் கம்பத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். கேட்கிறவரும் அப்படித்தான். ஆனாலும் அந்த ஒரு எண்ணுக்குக் களத்தில் காயும் கொப்பரை வீட்டுக்குள் போகும், சம்பா வயலுக்கு வாங்கிவைத்த யூரியா மூட்டை பிரிக்கப்படாமல் திண்ணையிலேயே கிடக்கும், மல்லிப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்கு டோக்கன் நின்றுபோகும்.

அந்தக் கம்பத்தில் ஏறுவது என்ன? கறுப்பு நிறத்தில் கூம்பும் உருளையும். அவ்வளவுதான். அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக எப்படித் தொங்கவிடுகிறார்கள் என்பதுதான் எண். இருட்டிவிட்டால் அவற்றுக்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கரையிலிருந்து பார்ப்பவனுக்காக இதைச் செய்யவில்லை. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் தலைவன் தூரக்கண்ணாடியில் பார்த்துப் புரிந்துகொள்ளச் செய்தது. நம் ஊர் உழவனும் தென்னந்தோப்புக்காரரும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

கூம்பும் உருளையும் இங்கிலாந்துச் சரக்கு. டார்வினை உலகம் சுற்றிக் காட்டிய 'பீகிள்' கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பிற்காலத்தில் வானிலைக் கணக்கெடுக்கும் அரசு அலுவலகத்துக்குத் தலைவரானார். 1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு திரும்பிய 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து 400 பேருக்கு மேல் செத்தார்கள். தந்தி வந்துவிட்ட காலம் அது. காற்றைவிடத் தந்தி வேகமாகப் போகும்போது அடுத்த துறைமுகத்துக்கு முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று கேட்டார் ஃபிட்ஸ்ராய். 1861இல் சொல்லவும் தொடங்கினார். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்குக் காற்று, கீழே பார்த்தால் தெற்குக் காற்று, உருளையும் சேர்ந்தால் பெரிய ஆபத்து. கணிப்பு தவறிய நாள்களில் பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டே எச்சரிக்கையை நிறுத்திவிட்டார்கள். அது இல்லாமல் முடியாது என்று கடலோடிகள் நச்சரித்த பிறகு திரும்பவும் ஏற்றினார்கள். வானிலைக்காரரைத் திட்டிக்கொண்டே வானிலைச் செய்திக்குக் காத்திருக்கும் வழக்கம் நம் கண்டுபிடிப்பு அல்ல.

வங்காள விரிகுடாவுக்கு இந்தக் கதையில் ஒரு முன்கதை உண்டு. கல்கத்தாவில் கடல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் இருந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்துச் சேர்த்துப் புயலின் போக்கை எழுதிவந்தார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட புத்தகத்தோடு, கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய தகடுகளும் வந்தன. ஒளி ஊடுருவும் அந்தத் தகட்டில் சுழலும் காற்றின் அம்புக்குறிகள் வரையப்பட்டிருக்கும். கடல் வரைபடத்தின் மேல் அதை வைத்து, தனக்கு அடிக்கும் காற்றின் திசையோடு பொருத்தினால், புயலின் நடு எந்தப் பக்கம் என்று மாலுமிக்குத் தெரிந்துவிடும். செயற்கைக்கோளும் ராடாரும் இல்லாத காலத்தில் ஒரு கையகலத் தகடு செய்த வேலை இது. 1853இல் அவர் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதினார். மாட்லா ஆற்றில் புதுத் துறைமுகம் கட்டாதீர்கள், ஒருநாள் கடல் ஏறி வந்து அழிக்கும் என்றார். யாரும் கேட்கவில்லை. போர்ட் கேனிங் எழும்பியது, 1867 புயலில் பாழானது. அதைப் பார்க்கப் பிடிங்டன் உயிரோடு இல்லை.

அதற்குள் பெரிய அடி விழுந்திருந்தது. 1864 அக்டோபர் 5ஆம் தேதி புயலோடு ஹூக்ளி ஆற்றில் கடல் ஏறியது. இறந்தவர்கள் 50,000க்கும் மேல் என்பார்கள். கல்கத்தா துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல், மறுபடி பல்லாயிரம் சாவு. 1865இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. கடற்கரை ஊர்களில் பாரமானியைப் பார்த்துத் தந்தியடிக்க வேண்டும், கல்கத்தாவில் அதைப் பார்த்துக் கம்பத்தில் ஏற்ற வேண்டும். நம் கூண்டு பிறந்தது அங்கேதான். உடைந்த கப்பல்கள் வணிகக் கம்பெனிகளுடையவை. அதனால்தான் ஒரே ஆண்டில் வேலை நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சத்தில் செத்த குடியானவர்களுக்கு மழைக்கணக்குப் பார்க்க இந்திய வானிலைத் துறை அமைய 1875 ஆயிற்று.

சென்னைக்குக் கூண்டு மிகவும் தேவைப்பட்டது. அங்கே அப்போது துறைமுகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நின்றன, மசூலாப் படகுகள் அலைதாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கின. புயல் வருகிறது என்றால் கப்பல் கரைக்கு வரக் கூடாது, நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நடுக்கடலுக்கு ஓட வேண்டும். அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தபோதே, 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அதை உடைத்துப் போட்டது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் எண்கள் புரியும். 1, 2 என்றால் புயல் தூரத்தில், துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, கிளம்புகிற கப்பல் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொருள். 3, 4 துறைமுகத்துக்கே காற்று வரலாம் என்ற எச்சரிக்கை. அடுத்த மூன்றும் அபாயம். இங்கேதான் ஊரில் எல்லோரும் தடுமாறுவார்கள். "அஞ்சு ஆறாயிடுச்சு, புயல் பலமாயிடுச்சு" என்பார்கள். அப்படியில்லை. புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் துறைமுகம் இடப்பக்கம் இருக்குமானால் 5, வலப்பக்கம் இருக்குமானால் 6, துறைமுகத்தின் மேலேயே வந்தால் 7. கடும்புயலுக்கு இதே வரிசை 8, 9, 10. கிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும் புயலின் வலப்பக்கம் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடித்துத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். இடப்பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. கப்பல்காரனுக்கு உயிர் போகும் வித்தியாசம் இது.

11ஆம் எண் தனி ரகம். வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அற்றுவிட்டது, துறைமுக அதிகாரியே ஆபத்து என்று நினைக்கிறார் என்று அர்த்தம். தகவல் வராததையே ஒரு தகவலாக ஆக்கி எண் கொடுத்தவன் யாரோ, கெட்டிக்காரன்.

கடலோரக் கம்பத்திலிருந்து அந்த எண் ஊருக்குள் நடந்து வந்த வழி நீளமானது. முதலில் கலெக்டர், பொதுப்பணி, ரயில்வே என்று அலுவலகங்களுக்குத் தந்தி. பிறகு 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி. 1952, 1955 புயல்களைப் பார்த்தவர்கள் டெல்டாவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1955இல் வந்தது அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்து ராஜாமடத்தில் கரையேறியது. தொலைக்காட்சி வந்த பிறகு சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் வேண்டியவரானார். 1999 வாக்கில் எச்சரிக்கை கப்பலோடு நிற்காமல் மாவட்டங்களையும் நோக்கி, நாலு கட்டமாகப் பேசத் தொடங்கியது.

2018 நவம்பரில் அது எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தையும் நோக்கிப் பேசியது. கஜா புயல் முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்று தெற்கே நகர்ந்தது. காரைக்கால் ராடார் பார்த்துக்கொண்டே இருந்தது. காற்று எச்சரிக்கையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை பெயர்களும் இருந்தன. 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குப் போனார்கள். 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, நிலத்தில் தளர்ந்துபோகும் என்ற வழக்கமான நம்பிக்கையைப் பொய்யாக்கிக்கொண்டு மேற்கே வந்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வரும் வராது என்ற பயத்தில் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள் பேராவூரணிக்காரர்கள். விடிந்தபோது தோப்புக்குள் வானம் தெரிந்தது. சில மரம் வேரோடு, சில மரம் பாதியில் முறிந்து, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்து, செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. பக்கத்து ஊர்ச் சேதியே வந்து சேரவில்லை. 11ஆம் எண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான காலை இருக்க முடியாது.

எச்சரிக்கை தவறவில்லை, மனிதர்களைப் பெருமளவு காப்பாற்றியது. ஆனால் கப்பல் ஓடலாம், ஆள் முகாமுக்குப் போகலாம், தென்னை எங்கே போகும்? தோட்டக்கலைத் துறை இப்போது புயலுக்கு முன்பே ஒரு யோசனை சொல்கிறது: தலைக்கனத்தைக் குறையுங்கள், அடிமட்டைகளையும் முற்றிய குலைகளையும் வெட்டி இறக்குங்கள், தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள், வேர் மண்ணைப் பிடித்து நிற்கட்டும். நல்ல யோசனைதான். ஏக்கருக்கு 70 மரம். மரமேறும் ஆள் ஊருக்கு இரண்டு பேர், மூன்று பேர். எச்சரிக்கை வந்த அன்றைக்கு எல்லாத் தோப்புக்காரரும் தேடுவது அந்த ஆள்களைத்தான். ஆகவே இந்தப் பக்கத்தில் விவரமறிந்தவர்கள் கூண்டு ஏறும்வரை காத்திருப்பதில்லை, ஐப்பசி பிறந்ததுமே மரமேறிக்கு முன்பணம் கொடுத்து நாள் பிடித்து வைத்துவிடுகிறார்கள்.